நெய்மீன் வலையில் ஒரு சர்வ்

ஜாஸ்மியின் வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டு. தேர்தலில் நிற்கும் கட்சிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்று சர்வ் கட்சி, இன்னொன்று நெட் கட்சி. சர்வ் கட்சிக்குத் தலைவர் அப்பா மரியஜான். நெட் கட்சிக்குத் தலைவி அம்மா. தொண்டர்கள் என்று பார்த்தால், இரண்டிலும் ஒருவர்கூடக் கிடையாது.

அப்பாவின் தங்கை ஷெர்லி மாமியும் அம்மாவின் தங்கை சஜிதா சித்தியும் நாகர்கோவிலில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அந்தக் காலத்தில் இரண்டு பேரும் டென்னிஸ் சாம்பியன்கள். மாமி சர்வ் போட்டால், எதிரில் நிற்பவர் கண் சிமிட்டி முடிப்பதற்குள் பந்து பின்சுவரில் மோதிவிடும். சித்திக்கு வலை ஓரம்தான் ராஜ்யம். ஓடிவந்து நெட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, வருகிற பந்தைத் தரையில் விழவிடாமல் மெதுவாகத் தட்டி அந்தப் பக்கம் போட்டுவிடுவாள்.

இரண்டு பேரும் நான்கு தடவை மோதினார்கள். ஆளுக்கு இரண்டு வெற்றி. ஐந்தாவது ஆட்டம் மழையால் பாதியில் நின்றது. தங்கைகளுக்குக் கைதட்ட வந்த அப்பாவும் அம்மாவும் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்தித்தார்கள். ஒரே குடையில் நின்றார்களாம். அதற்கு மேல் கேட்டால் அம்மா, "போய்ப் படி" என்று சொல்லிவிடுவாள்.

இப்போது மாமி நாகர்கோவிலில் விளையாட்டு ஆசிரியை. சித்தி குவைத்தில் நர்ஸ். போட்டிகளில் ஆடுவதை இருவரும் என்றைக்கோ நிறுத்திவிட்டார்கள். ஆனால் வீட்டு அலமாரியில் அவர்களுடைய பழைய புகைப்படம் ஒன்று இருந்தது. நெட்டுக்குப் பக்கத்தில் மாமி தன் மட்டையைச் செங்குத்தாக நிறுத்தியிருப்பாள். அதற்கு மேலே சித்தி தன் மட்டையைக் குறுக்கே வைத்திருப்பாள். ஆட்டத்துக்கு முன்னால் நெட்டின் உயரத்தை அளக்கிறார்கள். படத்தில் இருவருக்கும் வாய்கொள்ளாத சிரிப்பு. ஜாஸ்மிக்கு அந்தப் படம் என்றால் உயிர்.

அப்படிப்பட்டவர்கள் இப்போது எட்டு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை.

எல்லாம் கிறிஸ்துமஸ் அன்று ஆரம்பித்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்பா, 'சர்வ் இல்லாத டென்னிஸ் உப்பில்லாத மீன்கறி' என்று போட்டார். அம்மா விடுவாளா? 'உப்பை மட்டும் தின்ன முடியுமா?' என்று பதில் போட்டாள். வார்த்தை தடித்தது. சித்தி ஜெயித்ததெல்லாம் அதிர்ஷ்டம் என்றார் அப்பா. மாமிக்கு சர்வை விட்டால் வேறொன்றும் தெரியாது என்றாள் அம்மா. சண்டை போட்ட இரண்டு பேரும் அன்று ராத்திரியே ஒன்றாக உட்கார்ந்து கேக் தின்றார்கள். குழுவில் அதைப் படித்துக்கொண்டிருந்த மாமிக்கும் சித்திக்கும்தான் மனசு முறிந்துபோனது.

ஊர் மாதா கோயில் திருவிழாவுக்குச் சித்தி லீவில் வந்தாள். மாமியும் வந்தாள். மத்தியானம் கிழங்கும் மீன்கறியும் பரிமாறி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"ஜாஸ்மி, ஒனக்க சித்திக்கிட்ட அந்த உப்ப வாங்கித் தா மக்கா" என்றாள் மாமி.

உப்புக் கிண்ணம் சித்தியின் முன்னால் இருந்தது. மாமி கை நீட்டினால் எட்டும்.

"எடுத்துக் குடு ஜாஸ்மி" என்றாள் சித்தி, தட்டைப் பார்த்துக்கொண்டே.

ஜாஸ்மி எழுந்து சுற்றிப் போய் உப்பை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்குக் கிழங்கு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை சித்திக்கு விமானம். போனால் திரும்பிவர இரண்டு வருஷம் ஆகும். இப்படியே போய்விட்டால்?

"அந்த அஞ்சாவது ஆட்டத்த இண்ணைக்கு முடிச்சிருவோமா?" என்று அப்பாதான் கிளப்பிவிட்டார். மாமியின் முகத்திலும் சித்தியின் முகத்திலும் ஒரு மினுக்கம் வந்தது. அதை ஜாஸ்மி கவனித்துவிட்டாள்.

கோயில் மைதானத்தில் கோடு போட்டார்கள். அப்பா தன் மீன்வலைகளை வைத்திருக்கும் வலைப்புரையிலிருந்து ஒரு வலையைத் தூக்கிவந்து, வாலிபால் கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினார். "கடல்ல போடுத வலை. காத்துக்கும் அசையாது" என்று பெருமையாகச் சொன்னார். ஜாஸ்மியை ஒரு முக்காலியில் ஏற்றி நடுவர் ஆக்கினார்கள்.

மாமி பந்தை மேலே எறிந்தாள். மட்டை சுழன்றது. 'டப்' என்று ஒரு சத்தம். பந்து சித்தியின் கோட்டுக்குள் விழுந்து பறந்தது.

"பாயிண்டு" என்று அப்பா துள்ளினார். "பாத்தியளா எனக்க தங்கச்சிக்க சர்வ?"

"என்ன பாயிண்டு? பந்து வலைக்கு மேல வரல்ல. வலைக்குள்ளோடி வந்துது" என்றாள் அம்மா.

"மேல தான் வந்துது. நா கண்டேன்."

"நீங்க கண்டது கெடக்கட்டு. நானும் கண்ணு வச்சிட்டுத்தான் இருந்தேன்."

மாமியின் முகம் சிவந்தது. "ஜாஸ்மி, நா கள்ளப் பாயிண்டு எடுக்குத ஆளாண்ணு ஒனக்க சித்திக்கிட்ட கேளு."

"நா ஒண்ணும் சொல்லல்லண்ணு சொல்லு ஜாஸ்மி" என்ற சித்தி, மட்டையை உறைக்குள் போட ஆரம்பித்தாள். "எனக்கு இனி ஆட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

எல்லோரும் நடுவரைப் பார்த்தார்கள். "நீ சொல்லு மக்கா. மேலயா, உள்ளோடியா?" என்றார் அப்பா.

ஜாஸ்மி முக்காலியில் இருந்தபடியே வலையைப் பார்த்தாள். "நா காணல்ல" என்றாள். அதுதான் உண்மை. பந்து அவ்வளவு வேகம்.

அவள் முக்காலியிலிருந்து இறங்கி வலைக்குப் பக்கத்தில் போனாள். பந்தை எடுத்து வலையில் வைத்து ஒற்றை விரலால் தள்ளினாள். பந்து சமர்த்தாக அந்தப் பக்கம் போய் விழுந்தது.

"அப்பா, இது என்ன வலை?"

"நெய்மீன் வலை."

"நெய்மீன் எவ்வளவு பெருசு இருக்கும்?"

அப்பா இரண்டு கைகளையும் அகலமாக விரித்தார். பிறகு தரையில் கிடந்த பந்தைப் பார்த்தார். விரித்த கைகளை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டார்.

"கடல்ல பொறந்து வளந்த மனுசன், வலை கெட்டின லெச்சணத்தப் பாரு" என்றாள் அம்மா. ஆனால் அவளும் பக்கத்தில் நின்று கயிறு பிடித்தவள்தான்.

ஜாஸ்மியும் அப்பாவும் ஓடிப்போய்ச் சாளை வலையைக் கொண்டுவந்தார்கள். சின்ன மீனுக்கான வலை. ஜாஸ்மியின் சுண்டுவிரல்கூட அதன் கண்ணில் நுழையவில்லை.

"உயரம் அளக்கணும்" என்றாள் ஜாஸ்மி. "மாமி, நீங்க ஒங்க பேட்ட நேரா நிறுத்துங்க. சித்தி, நீங்க ஒங்க பேட்ட அதுக்கு மேல குறுக்க வைங்க."

இருவரும் தயங்கினார்கள். ஜாஸ்மி அசையாமல் நின்றாள். கடைசியில் மாமி குனிந்து மட்டையை நிறுத்தினாள். சித்தி உறையிலிருந்து மட்டையை எடுத்து அதன்மேல் வைத்தாள். இரண்டு தலைகளும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன.

"ஏட்டி," என்றாள் மாமி மெதுவாக, "ஒனக்கு நரைச்சிட்டே."

"நீ மட்டும் கொமரியா?" என்றாள் சித்தி.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜாஸ்மிக்குக் கண் கலங்கியது. அலமாரிப் படம் எழுந்துவந்து எதிரில் நின்றது.

"செரி, இனி ஆரு பெரிய ஆளுண்ணு பாத்திருவோம்" என்று அப்பா மறுபடி தொடங்கினார்.

"பாப்போமே" என்று அம்மாவும் முந்தானையைச் செருகினாள்.

ஜாஸ்மி இடுப்பில் கை வைத்தாள். "சண்ட போட்டது நீங்க ரெண்டு பேரும். அப்பம் நீங்கதான் ஆடணும். அப்பாவும் அம்மாவும் ஒரு பக்கம். மாமியும் சித்தியும் ஒரு பக்கம்."

"மக்கா, நா டென்னிஸு ஆடினதே இல்லியே" என்றார் அப்பா.

"கிறிஸ்துமஸ் அண்ணைக்கு வாட்ஸ்அப்புல ஆடினியளே" என்றாள் ஜாஸ்மி.

நடுவர் சொன்னால் சொன்னதுதான். மாமியும் சித்தியும் பையில் இருந்த மாற்று மட்டையை ஆளுக்கொன்றாகக் கடன் கொடுத்தார்கள். அப்பா உடுத்தியிருந்த சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி நின்றார்.

மாமி சர்வ் போட்டாள். "பந்து எப்பம் வரும்?" என்று அப்பா கேட்டபோது அது மதில் சுவரில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. எப்போதாவது அம்மாவின் மட்டையில் தப்பித்தவறிப் பந்து பட்டால், அது வலையோரம் நிற்கும் சித்தியிடம் நேராகப் போனது. சித்தி மெதுவாக ஒரு தட்டு தட்டுவாள். பந்து அம்மாவின் காலடியில் விழுந்து அப்படியே செத்துவிடும். மாமியின் சர்வுக்கு அந்த நெட் ஆட்டமும், அந்த நெட் ஆட்டத்துக்கு மாமியின் சர்வும் அப்படிப் பொருந்தின. "ஏட்டி, விடு, இது எனக்க பந்து" என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கூவினார்கள்.

அரைமணி நேரத்தில் ஆறுக்கு சைபர்.

அப்பா மணலில் கால் நீட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "செரி மக்கா. சர்வா, நெட்டா? நீயே தீர்ப்புச் சொல்லிரு."

"இன்னும் தெரியல்லப்பா. நாளைக்கு இன்னொரு ஆட்டம் வைப்போமா?"

"வேண்டாம்" என்றார்கள் அப்பாவும் அம்மாவும். இரண்டு கட்சிகளும் ஒரே குரலில் பேசியது அதுதான் முதல் தடவை.

அந்திக்கு மீதிக் கிழங்கைச் சூடாக்கி, வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாமி ஒரு வாய் தின்றுவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். ஜாஸ்மி மத்தியானத்துப் பழக்கத்தில் எழுந்திருக்கப் போனாள்.

"நீ இரி மக்கா" என்றாள் மாமி. "ஏட்டி சஜிதா, அந்த உப்ப இஞ்ச எடு."

ஜாஸ்மி நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் மீன்கறி கேட்டாள்.