எட்டுப் போடச் சொல்லும் வானம்

வானத்தைக் காட்டும் அந்தச் செயலியில் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. ஒரு புள்ளிக்கு மட்டும் இல்லை.

லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு அன்று சீக்கிரமே வேலை முடிந்திருந்தது. மனைவி நர்ஸ், மாலை ஷிஃப்ட். ஆறு வயது மகள் வாண்டுவுக்குச் சனிக் கோளைத் தேடி வரையும் வீட்டுப்பாடம். வெளியே மேகம் மூடிக் கிடந்தாலும் செயலிக்கு அது ஒரு பொருட்டில்லை. போனைக் கூரைக்கு நீட்டினால் மேலே உள்ள நட்சத்திரங்களையும், தரைக்கு நீட்டினால் பூமிக்கு அந்தப் பக்கத்து வானத்தையும் அறைக்குள்ளேயே மிதக்கவிட்டது.

"அப்பா, சனி கீழ்வீட்டு அங்கிள் கட்டிலுக்கு அடியில இருக்கு!"

"அதான் எப்பப் பாத்தாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காரு."

வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போதுதான் அவன் அந்தப் புள்ளியைக் கவனித்தான். மாடிப்படிப் பக்கம், நேர் கீழே, அழுக்குத் தண்ணீரின் நிறத்தில். தொட்டுப் பார்த்தான். பெயர் வரவில்லை, தூரம் மட்டும் வந்தது. மற்றவையெல்லாம் கோடிக்கணக்கான கிலோமீட்டர். இது நாற்பத்தைந்து மீட்டர்.

அவர்கள் இருந்தது பத்தாவது மாடி. மாடிக்கு மூன்று மீட்டர் என்று அவன் மனம் தன்னையறியாமல் கணக்குப் போட்டது. நாற்பத்தைந்து என்றால், மண்ணுக்கு அடியில்.

ஏதோ கோளாறு. சுவருக்கு அந்தப் பக்கமே லிஃப்ட் குழி. அத்தனை இரும்பு இருந்தால் எந்தத் திசைகாட்டியும் குழம்பத்தான் செய்யும். செயலியும் வழக்கம்போலக் கேட்டது: திசை தெரியவில்லை, போனைக் காற்றில் எட்டு வடிவில் ஆட்டவும். ஆட்டினான்.

முப்பது மீட்டர். கட்டடத்தின் வாசல்.

திரை மறுபடி குழம்பியது. மறுபடி எட்டுப் போட்டான். பதினெட்டு. நாலாவது மாடி. வெகுநாள் திறக்காத தொட்டியின் வாடை கதவிடுக்கு வழியாக மெல்ல உள்ளே வந்து, வாண்டுவின் கலர் பென்சில்களின் மர மணத்தையும் அடுப்பில் ஆறிக்கொண்டிருந்த பாலின் மணத்தையும் மூடிக்கொண்டு அறை முழுக்கப் படர்ந்தது. இன்னொரு எட்டு. ஒன்பது. படிகளில் ஈரத்துணியை இழுப்பதுபோல் ஓர் ஓசை, நின்று, நின்று.

மனைவியை அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

திரை கேட்டது. கை தானாக ஆடியது.

"யாரைப்பா கூப்பிடுறீங்க?" என்றாள் வாண்டு.

கை அந்தரத்தில் நின்றது.

தூரத்தில் நிற்பவரை வா, வா என்று அழைக்கும் கை. இத்தனை நேரமும் அவன் செய்தது அதைத்தான்.

"ஆறு மீட்டர்" என்று காட்டிவிட்டுத் திரை மீண்டும் குழம்பியது. எட்டுப் போடவும். லிஃப்டும் படியும் ஒரே நடைபாதையில்தான். அது இன்னும் இரண்டு மாடி கீழே இருந்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிவிடலாம். கதவுக்கு வெளியே நின்றால், திறக்கவே கூடாது. பார்க்காமல் தெரியாது. ஆட்டாமல் பார்க்க முடியாது. ஓசையும் நின்றுவிட்டது.

"செல்லம், சுவரைப் பாத்து நில்லு. திரும்பாத."

"ஒளிஞ்சு விளையாடுறோமா?"

"ஆமாண்டா. ஆமா."

ஒரே ஒரு தடவை. கடைசித் தடவை. வேறு வழியில்லை.

ஆட்டினான்.

கதவுப் பக்கம் நீட்டினான். இல்லை. ஜன்னல். இல்லை. தரை. கூரை. எங்கும் நட்சத்திரங்கள். உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. மகளைத் தூக்கத் திரும்பினான். போனும் கூடவே திரும்பியது.

தூரம்: ஒரு மீட்டர்.

போன் கையிலிருந்து நழுவியது.

வெறும் கண்ணுக்கு அங்கே யாரும் இல்லை. சுவரைப் பார்த்தபடி வாண்டு மட்டும். மின்விசிறி ஓடவில்லை. அவள் பின்னலின் ரிப்பன் மெதுவாக அவிழ்ந்து தரையில் விழுந்தது. கூந்தல் காற்றில் எழுந்தது. மூன்றாகப் பிரிந்தது.

"அம்மா எப்பப்பா வந்தாங்க?" என்றாள் வாண்டு, திரும்பாமல்.

ஒன்றின் மேல் ஒன்றாக, பிசிறில்லாமல், முடி தன்னைப் பின்னிக்கொள்ளத் தொடங்கியது. ஒவ்வொரு பின்னலுக்கும் இறுக்கி ஓர் இழுப்பு. ஒவ்வோர் இழுப்புக்கும் அவள் தலை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தது.