வேலாயுதத்தின் இரண்டாம் பிரதி

செவ்வாயின் தெற்குக் குடியிருப்பில் யாராவது இறந்துபோனால், கருமாதிக்குள் வீட்டார் அவரைப் பற்றி ஒரு கதை எழுதி நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும். நிலையத்து இயந்திரம் கதையைப் படித்து, அதில் வரும் மனிதரைப் போலவே நடந்து பேசிப் பழகும் ஓர் உருவத்தைச் செய்து வீட்டுக்கு அனுப்பிவைக்கும். அதற்குக் கதையுரு என்று பெயர். முகம் புகைப்படத்திலிருந்து கிடைத்துவிடும். வீட்டுக்குள் பேசுவதைப் பதிவு செய்ய அங்கே சட்டம் இடம் தரவில்லை. ஆகவே குணமும் பேச்சும் கதையிலிருந்துதான் வந்தாக வேண்டும். கதையில் இல்லாதது உருவத்திலும் இருக்காது; கதையில் இருப்பதை வைத்து மற்ற பதில்களை இயந்திரமே கணித்துக்கொள்ளும்.

இப்படி ஒரு சட்டம் இருந்தால் ஊரில் எல்லோரும் எழுத்தாளர் ஆகித்தானே தீரவேண்டும்? எழுத வராதவர்கள் நப்பின்னையிடம் வந்தார்கள். நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கியவள். சிறுகதை எப்படி எழுதுவது என்று வகுப்பும் எடுப்பவள். அவள் திருத்திக் கொடுத்த கதையிலிருந்து வந்த உருக்கள் என்றால் ஊரில் தனி மரியாதை.

அன்று ரெஜினா என்ற பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணனை இழந்தவள்.

“எங்க அண்ணன் ரொம்ப நல்லவர் மேடம்.”

“நல்லவர்னு நீங்க சொன்னா மெஷின் நம்பாது. நல்லவரா என்ன செஞ்சார், அத எழுதுங்க. கூடவே ஒரு குறையும் வைங்க. குறையில்லாத ஆள் பொம்மை மாதிரி வந்து நிப்பார்.”

“குழம்புல உப்பு கம்மின்னா தட்டத் தள்ளிவிட்டுடுவார்.”

“அருமை. அத முதல் பத்தியிலயே போடுங்க.” நப்பின்னை பக்கத்தைப் புரட்டினாள். “இது என்ன? வந்துட்டியா, சாப்பிட்டியா, வெளிய தூசி ஜாஸ்தியான்னு ஒரு பக்கம் முழுக்கப் பேசிக்கிட்டே இருக்கார். இத வெட்டிடுங்க. பேச்சுன்னா கதைய நகர்த்தணும்.”

“அவர் அப்படித்தான் மேடம் பேசுவார்.”

“வாழ்க்கையில பேசலாம்மா. கதையில கூடாது.”

ரெஜினா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெட்டினாள். பெரிய எழுத்தாளர் சொல்லும்போது மறுத்துப் பேச முடியுமா?

அதற்கு அடுத்த மாதம் நப்பின்னையின் கணவர் வேலாயுதம் இறந்தார். காற்றுச் சுத்திகரிப்பு ஆலையில் மேற்பார்வையாளர். வேலைக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. நப்பின்னை இடிந்துபோனாள். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்தாள்.

கை தானாக வேலை செய்தது. குடியிருப்பின் கூரை விரிசல் விட்ட அன்று, எல்லோரும் ஓட, வேலாயுதம் மட்டும் காற்று வெளியேறாமல் கதவைத் தோளால் முட்டுக் கொடுத்துப் பள்ளிக்கூடத்தையே காப்பாற்றிய சம்பவத்தை முதலில் வைத்தாள். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பூமியை விட்டுக் கிளம்பியது. அவளைப் பெண் கேட்டு வந்து, கேட்காமலே திரும்பிப் போனது. முன்கோபத்தைக் குறையாக வைத்தாள். அலுப்பூட்டும் வரி ஒன்றுகூட இல்லை. படித்துப் பார்த்துத் தன்னையறியாமல் நிறைவாகத் தலையாட்டினாள், அந்தத் துக்கத்திலும்.

வேலாயுதம் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று அவளை வெகுநேரம் பார்த்தார். “பிரிவு என்பது தூரம் இல்லை பின்னை, மௌனம்” என்றார்.

நப்பின்னை அவர் மார்பில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

மறுநாள் காலை, “டீ போடட்டுமாங்க?” என்று பழக்கதோஷத்தில் கேட்டாள். அவர் ஜன்னல் வழியே செம்மண் பாலையைப் பார்த்தபடி, “நான் அன்னிக்கு அந்தக் கதவ விட்டிருந்தா நீ என்னை மன்னிச்சிருப்பியா?” என்றார். சாயங்காலம் செருப்பு எங்கே என்று கேட்டாள். “எங்கப்பா கடைசிவரைக்கும் எனக்கு ஃபோன் பண்ணல” என்றார். குழாய் ஒழுகுகிறது என்றதற்கும் ஏதோ பொன்மொழிதான் வந்தது. எதைச் சொன்னாலும் கதை ஒரு படி நகர்ந்தது. அவள் எங்கேயும் நகர விரும்பவில்லை. அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க விரும்பினாள். அது அந்த மனிதரால் முடியவில்லை.

ஒரு வாரத்தில் நிலையத்துக்கு ஓடினாள்.

“திருத்தி எழுத ஒரே ஒரு தடவைதான் அனுமதி” என்றார் அதிகாரி கிருபாகரன். “என்ன மேடம், உங்க கதையிலயே குறையா?”

“சாதாரணமா பேச மாட்டேங்கிறார் சார். என் புருஷன் வளவளன்னு பேசுவார்.”

“அப்போ அந்த வளவளாவ எழுதுங்க. அவ்வளவுதானே?”

அவ்வளவுதான். ஆனால் எழுத உட்கார்ந்தபோது ஒன்றுமே வரவில்லை. முப்பது வருஷம் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து எதிரில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். அவர் வாய் அசைவது ஞாபகம் இருந்தது. கை ஆட்டுவது ஞாபகம் இருந்தது. என்ன சொன்னார்? ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் போதும். தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். கிடைக்கவில்லை.

கடைசியில், தெரியாததைக் கற்பனை செய்வதுதானே தன் தொழில் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆலை கேன்டீனில் இட்லி கல்லாக இருந்ததையும், புது எஞ்சினியர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்ததையும், முழங்கால் வலியையும் எழுதினாள். இல்லாத ஒரு பூனையைக்கூட ஆலைக்குள் விட்டுக் குட்டி போட வைத்தாள். அவள் எழுதியதிலேயே உயிருள்ள பக்கங்கள் அவை.

முதலாமவரை நிலையம் திரும்ப எடுத்துக்கொண்டது. இரண்டாம் வேலாயுதம் வந்து, வந்ததும் வராததுமாக நாற்காலியில் சாய்ந்தார். “இன்னிக்கு கேன்டீன்ல இட்லி சாப்பிட்டேன் பாரு, சுத்தியல் வேணும் அதுக்கு” என்று ஆரம்பித்தார். நப்பின்னைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதிரிலேயே உட்கார்ந்து கேட்டாள். மறுநாளும் கேட்டாள். வீடு மறுபடி வீடாகிவிட்டதென்று நிம்மதியாகத் தூங்கினாள். வகுப்புகளையும் திரும்பத் தொடங்கினாள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், மாணவன் ஒருவன் கதை அனுப்பியிருந்தான். உரையாடல் இழுவையாக இருந்தது. நப்பின்னை திரையில் குனிந்து திருத்திக்கொண்டிருந்தாள். எதிரில் வேலாயுதம் அந்தப் பூனை குட்டி போட்ட விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷங்க” என்றாள், கண்ணை எடுக்காமல்.

அவர் நிறுத்தினார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

“சரிம்மா, நீ எழுது. நான் அப்புறம் சொல்றேன்.”

நப்பின்னையின் விரல் நின்றது. இந்த வரி அவள் எழுதியதல்ல. இரண்டு பிரதியிலும் இல்லை. முகத்தைப் பார்க்காமல் ஒரு நிமிஷம் என்று சொன்னால் அப்படிப்பட்ட மனிதர் வேறு என்ன பதில் சொல்வார் என்று இயந்திரம் தானாகக் கணித்த வரி. முப்பது வருஷ ஞாபகத்தைக் குடைந்து குடைந்து அவள் தேடிய வாக்கியமும் அதுதான். தினமும் அதைத்தான் சொன்னார். அதோடுதான் நிறுத்திக்கொண்டார்.

அவள் திரையை அணைத்தாள். நாற்காலியை இழுத்து முழங்கால் இடிக்க அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

“இல்லைங்க, இப்பவே சொல்லுங்க. நான் கேக்கறேன். சொல்லுங்க.”

அவர் முகம் மலர்ந்தது. பூனையைப் பற்றிச் சொன்னார், இட்லியைப் பற்றிச் சொன்னார், எஞ்சினியரின் தலைச்சாயத்தைப் பற்றிச் சொன்னார். எல்லாம் அவள் எழுதிக் கொடுத்தவை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டே அவள் அழுதாள்.