கழிக்கப்படாத முகடு

திரையில் ஒரு முகடு அதிகமாக நின்றது.

யுரேனியம் பிளந்தால் என்னென்ன துண்டுகள் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போடுபவர் அவள் கணவர். உண்மையில் எவ்வளவு கிடைத்தது என்று அளப்பது அவள் வேலை. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் நடந்த சண்டை பாதி இதற்காகத்தான். ஒவ்வொரு துண்டும் திரையில் தனக்குரிய இடத்தில் முகடாக எழும். இந்த இடத்தில் எதுவுமே எழக்கூடாது.

போனில் அவரிடம் சொன்னாள்.

"என் கணக்குல அப்படி ஒண்ணு இல்லவே இல்லம்மா. அழிச்சிட்டுக் கிளம்பு. பாப்பா உன்னைத் தேடுறா."

"உங்க கணக்குல இல்லன்னா உலகத்துலயே இல்லாமப் போயிடுமா? அழிக்க மாட்டேன்."

வீம்புதான். ஏசியின் ஓயாத முனகலும், சூடேறிய வயர்களின் வாடையும், சுவரோரம் அடுக்கிய ஈயக் கட்டிகளின் நிழலும் நிறைந்த அந்த அறையில், அளக்கும் கருவியின் ஈயப் பெட்டிக்குள்ளிருந்த யுரேனிய மாதிரியை இடுக்கியால் எடுத்துப் பக்கத்து அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பெட்டி காலி. முகடு அப்படியே நின்றது.

அதே அளவைக் காட்டும் திரை தாழ்வாரத்திலும் ஒன்று உண்டு. அங்கே போய்ப் பார்த்தாள். இறங்கியிருந்தது. உள்ளே வந்தாள். ஏறியது.

அளப்பதற்கு முன்னால் வெறும் அறையின் கதிர்வீச்சை அளந்து, முடிவிலிருந்து கழிப்பது வழக்கம். இத்தனை வருஷமும் அப்போது அவள் இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். இன்று காலை பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வரத் தாமதமாகி, கருவி தானாகவே ஆளில்லாத அறையை அளந்திருந்தது. இதுவரை தன்னையும் சேர்த்தே கழித்திருக்கிறாள்.

"அது பெட்டிக்குள்ள இல்லைங்க. எனக்குள்ள இருக்கு."

"மொதல்ல வெளிய வா."

"வந்து? பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சவா? இது என்னன்னு தெரியாம நான் வீட்டுப் படி ஏற மாட்டேன்."

போனை வைத்தாள். பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. இத்தனை நாள் ஓசியில் குடியிருந்திருக்கிறது.

"வா, ஒரு கை பாத்துடலாம்."

பெட்டியின் வாயில் நெஞ்சை அழுத்தினாள். ஈயம் சில்லென்றிருந்தது.

முகடு ஏறியது. இறங்கியது. ஏறியது. அவள் மூச்சோடு மூச்சாக.

மூச்சை அடக்கினாள்.

திரையில் அது மூச்சை இழுத்தது. விட்டது. மறுபடி, நிதானமாக, இழுத்தது.