வலைக்கு அந்தப் பக்கம்

குழித்துறையைத் தாண்டி, ரப்பர் மரங்களை வெட்டி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த ஒரு பேரூராட்சி அது. அதன் ஓரத்தில், பிள்ளைகள் ஷட்டில் பழகுவதற்கென்று ஒரு அரங்கம் கட்டியிருந்தார்கள். கட்டிக் கொஞ்சகாலம் ஓடியது. பிறகு பூட்டு விழுந்தது. மறுபடியும் திறந்தபோது பயிற்சியாளராக வந்தவள்தான் பெமிலா.

ஆனி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானத்தில், ஒரு கையில் குடையும் மறுகையில் மட்டைப் பையுமாக வந்து இறங்கினாள். இளவயதில் மாவட்டத்துக்காக ஆடியவள். கல்யாணமாகி மஸ்கட் போய், அது சரிப்படாமல் தனியாளாகத் திரும்பியிருந்தாள். அப்பா, அம்மா இல்லை. அண்ணன் வீட்டில் அவள் நுழைந்தாலே பேச்சு நின்றுபோனது. அரங்கத்துக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டாள்.

கதவைத் திறந்ததும் ஊறிய மரத்தரையின் வாடையும் வௌவால் எச்சத்தின் நெடியும் மூக்கில் ஏறின. தகரக் கூரையில் மழை இரைந்தது. வலைக்கு இந்தப் பக்கம் விளக்குகள் எரிந்தன. அந்தப் பக்கம் எரியவில்லை. ஆள் வந்து மாற்றிவிட்டுப் போனாலும் மறுநாள் அணைந்தே கிடந்தன.

பிள்ளைகள் யாரும் வரவில்லை.

"இந்த மழையில ஆரு டீச்சரே பிள்ளைகள விடுவினும்? சாய குடிச்சிட்டு இருங்க" என்பாள் எதிரே பெட்டிக்கடை வைத்திருந்த முத்துக்கனி. பெமிலாவோடு அந்த ஊரில் வாய் திறந்து பேசியது அவள் ஒருத்திதான்.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஒருநாள் பெமிலா தனக்குத்தானே ஆட ஆரம்பித்தாள். காக் என்கிற இறகுப்பந்தைத் தட்டி வலைக்கு மேலே இருட்டுக்குள் அனுப்பினாள். அது தரையில் விழும் சத்தம் கேட்கவில்லை.

பட்.

காக் திரும்பி வந்து அவள் காலடியில் விழுந்தது.

"ஆரு அது?"

போனில் வெளிச்சம் போட்டுக்கொண்டு மூலைமூலையாகத் தேடினாள். ஒரு ஆளும் இல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு அறைக்குப் போய்ப் படுத்தாள்.

ஆனால் மறுநாளும் போனாள். பந்தைத் தட்டினாள். திரும்பி வந்தது. இவள் எடுத்தாள், அதுவும் எடுத்தது. பலகைத்தரையில் ரப்பர் ஷூ கிறீச்சிடுவது கேட்டது. ஓடியோடி இளைக்கும் ஒரு சின்ன நெஞ்சின் மூச்சு கேட்டது. எவ்வளவு ஆடியும் அது இவளை ஜெயிக்கப் பார்க்கவில்லை. எங்கே அடித்தாலும் இவள் கைக்கு எட்டுகிற இடத்திலேயே திருப்பிப் போட்டது. ஆட்டம் முடியக்கூடாது, அவ்வளவுதான் அதற்கு வேண்டியிருந்தது.

அன்று வியர்வை வழிய வெளியே வந்தபோது, இத்தனை காலத்துக்குப் பிறகு யாரோடோ பேசிவிட்டு வந்ததுபோல அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஆனாலும் தினமும் போனாள்.

மழை சற்று வெறித்த ஒருநாள் முத்துக்கனி தன் தங்கை மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். நந்தனா. அப்பாவும் அம்மாவும் துபாயில்.

"இவளுக்கு ஒண்ணு சொல்லிக்குடுங்க டீச்சரே. எப்பப் பாத்தாலும் போனுக்குள்ளதான் கெடக்கா."

பெமிலா நந்தனாவுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. குழந்தை கலகலவென்று சிரிக்கும்போதெல்லாம் பெமிலாவின் கண் இருட்டுக்குள் போய்ப் போய் வந்தது. யாரோ முகம் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

குழந்தைக்குத் தண்ணீர் வாங்க பெமிலா எதிரே முத்துக்கனியின் கடைவரை போய்த் திரும்பினாள். அதற்குள் மழை மறுபடியும் கொட்டத் தொடங்கியிருந்தது.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

பட். பட். பட்.

பக்கத்து ஜன்னலுக்கு ஓடினாள். கம்பிகளுக்குள்ளே நந்தனா ஆடிக்கொண்டிருந்தாள். முகம் செக்கச்சிவந்து, வாய் கோணி அழுதுகொண்டே ஆடினாள். கால் இடறியது, ஆனாலும் ஓட்டம் நிற்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. காக் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

"டீச்சர்... காலு நிக்கமாட்டேங்கு! அந்த அக்கா விடமாட்டேங்கா!"

"தட்டாத மக்கா! மட்டையக் கீழ போடு!"

"போட முடியல்ல!"

பெமிலா கதவை இடித்தாள். தாழ் அசையவில்லை. மறுபடியும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த இருட்டைப் பார்த்துச் சொன்னாள். வார்த்தைகள் அவள் யோசிக்குமுன்பே வந்துவிட்டன.

"அவ சின்னப் பிள்ளையாக்கும். விட்டிரு மக்கா. நான் இருக்கேன். நான் உனக்க கூட எப்பவும் இருக்கேன்."

காக் அந்தரத்தில் நின்றதுபோல இருந்தது. பிறகு மெல்லத் தரையில் விழுந்தது.

தாழ் தானாக விலகியது.

உள்ளே பாய்ந்து நந்தனாவை அள்ளிக்கொண்டாள். மெழுகுபோல் குளிர்ந்திருந்தது பிள்ளையின் உடம்பு. வாசலைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் மட்டையின் நரம்புகளை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். ஆட்டம் தொடங்க ஆயத்தமாகக் காத்து நிற்கிறவர்கள் தட்டுவதுபோல.

பெமிலா திரும்பிப் பார்க்கவில்லை. கதவைப் பூட்டினாள்.

நந்தனாவைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முத்துக்கனி அழுதாள். கொஞ்சம் தேறிய பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

"முன்ன ஒரு பிள்ள இங்க வெளையாட வரும் டீச்சரே. அதுக்க ஜோடிக்காரி வீட்டோட வெளிநாடு போயிட்டா. இது அப்பவும் மட்டையத் தூக்கிட்டு வந்து, அந்தப் பக்கத்துல தனியா நிக்கும். வேற ஆரும் அதோட சேரல்ல. ஒரு மழைக்கு காய்ச்சல் வந்து செத்துப் போயிட்டு. உங்ககிட்ட சொன்னா நீங்களும் போயிருவியளோன்னுதான் சொல்லல்ல. பிள்ளைகள இப்பிடிப் பிடிக்கும்னு நெனைக்கல்ல."

மறுநாளே பெமிலா சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அரங்கத்துக்கு மறுபடியும் பூட்டு விழுந்தது. மாவட்டத்தின் மறுகோடியில், கொட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை கிடைத்தது. மட்டையை அவள் பிறகு தொடவே இல்லை. கொடுத்த வார்த்தையை எண்ணி உறங்காத இரவுகள் இருந்தன. மெல்ல மெல்ல அதுவும் ஆறியது.

ஐப்பசியில் மழை வந்தது. ஒரு சனிக்கிழமை, சாப்பிட்ட கையோடு கண்ணயர்ந்தவளைப் போன்மணி எழுப்பியது. மேலெல்லாம் வலித்தது. மூச்சு இளைத்தது. மறுமுனையில் முத்துக்கனி.

"டீச்சரே, நீங்க இப்ப எங்க நிக்குதிய?"

"கொட்டாரத்துல, வீட்டுல. என்னக்கா?"

முத்துக்கனியின் பின்னால் மழை இரைந்தது.

"பூட்டு போட்டபடியே கெடக்கு. உள்ள ரெண்டு பேரு வெளையாடுத சத்தம் கேக்கு. மழை பெய்தா தெவசமும் கேக்கு. இன்னைக்குத்தான் ஜன்னல் பக்கம் போனேன். ஒண்ணு சின்னப் பிள்ளைக்க சிரிப்பு. மத்தது..." குரல் தணிந்தது. "மத்தது உங்க குரலாக்கும் டீச்சரே."

பெமிலா போனை இறுகப் பிடித்தாள். கை சுரீரென்று எரிந்தது. விரித்துப் பார்த்தாள்.

உள்ளங்கையில், பெருவிரலுக்குக் கீழே, மட்டைப்பிடி உரசுகிற இடத்தில், கொப்புளங்கள் எழும்பி உடைந்து ஈரமாயிருந்தன.