கையைக் காட்டு

மத்தியான மணி அடித்தால் மற்றப் பிள்ளைகளுக்குப் பசி வரும். ராஜகுமாரிக்குக் கையை எங்கே ஒளிப்பது என்ற கவலை வரும்.

ஆறாம் வகுப்பு வாசலில் ஒரு பெஞ்சு. பெஞ்சின் மேல் தண்ணீர்க் குடம், அதன் மூடிமேல் ஒரு டம்ளர். பக்கத்தில் டீச்சரின் மர ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு மனோகரன் நிற்பான். அவனுடைய சிநேகிதன் ஜெகதீசன் ஒட்டிக்கொண்டு நிற்பான்.

"கையைக் காட்டு."

சுத்தமான கை என்றால் தண்ணீர் குடிக்கலாம். ராஜகுமாரியின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் கறுத்திருக்கும்.

"கறைக்கை. குடத்தைத் தொடாத. பேரு ராஜகுமாரியாம், கரிச்சட்டி கழுவுற கையப் பாரு."

"சோப்புப் போட்டுத்தான் கழுவினேன்."

"அப்ப சோப்பு அழுதிருக்கும்," என்பான் ஜெகதீசன். எல்லோரும் சிரிப்பார்கள்.

தேயிலைக் கொழுந்து பறித்தால் அதன் சாறு விரலில் ஒட்டும். காய்ந்தால் கறுக்கும். எந்த சோப்புக்கும் அது அசையாது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இருந்த எல்லோருக்கும் அந்தக் கறை உண்டு. அதுவரை யாரும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை.

அந்த வருஷம் தேயிலை விலை விழுந்துவிட்டது. எஸ்டேட் ஃபாக்டரியைப் பூட்டிவிட்டார்கள். இருக்கிற கொழுந்தை நீங்களே பறித்து விற்றுப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, மேனேஜர் துரை வருவதையே நிறுத்திவிட்டார். ராஜகுமாரியின் அப்பா பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போனார். காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்வரை அவள் அம்மாவோடு நின்று கொழுந்து பறித்தாள். லயத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டிப் போயின. அந்த வகுப்பில் கறுத்த விரல் என்று மிஞ்சியது அவளுடையது மட்டும்தான்.

அவள் யாரிடமும் சொல்லாமல் இல்லை. பியாட்ரிஸ் டீச்சரிடம் சொன்னாள். டீச்சருக்கு ஐந்தாம் வகுப்பையும் சேர்த்துப் பார்க்கிற வேலை. இந்தப் பக்கம் கணக்கு, அந்தப் பக்கம் மனப்பாடச் செய்யுள். நாளைக்குப் பேசுகிறேன் என்றார், மறந்துவிட்டார். தன் அம்மா தெய்வம்மாவிடமும் சொன்னாள். வம்பு வேண்டாம், ஒதுங்கிப் போய்விடு என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் சொருகியது. அந்த வருஷம் மலையில் எல்லோருமே களைத்துப் போயிருந்தார்கள்.

சபீஹா மட்டும் உதவினாள். பந்தலூர் பஜாரில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகள் அவள். யாரும் பார்க்காதபோது டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து வகுப்புக்குப் பின்னால் வைத்து ஊற்றுவாள். ராஜகுமாரி அண்ணாந்து குடிப்பாள். பாதித் தண்ணீர் கழுத்துக்குள் இறங்கும். குளிரில் உடம்பு சிலிர்க்கும்.

அதையும் ஜெகதீசன் பார்த்துவிட்டான். இன்னொரு தரம் ஊற்றினால் உன் கையும் கறைக்கைதான் என்று சபீஹாவிடம் சொல்லிவிட்டான். மறுநாள் சபீஹா தலையைக் குனிந்துகொண்டாள். ராஜகுமாரிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

அதன்பிறகு அவள் பள்ளிக்கூடத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. பிற்பகலில் தலை வலிக்கும். கரும்பலகையில் இருக்கிற எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்.

ஒருநாள் சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள். "நான் பள்ளிக்கூடத்துலருந்து நின்னுக்கிறேன்மா. கொழுந்து பறிக்க உனக்கும் ஒரு கை கூடும்."

அம்மா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, சரி என்று சொல்லவும் மனசு வரவில்லை.

"நாளைக்கு முட்டை போடுற நாளுதானே? அதுக்கு மட்டும் போயிட்டு வா. அப்புறம் பேசிக்குவம்."

வாரத்தில் ஒருநாள் சத்துணவில் முட்டை உண்டு. அன்றைக்கு மட்டும், வீட்டிலிருந்து டிபன் கொண்டுவருகிற மனோகரனும் தட்டோடு வரிசையில் வந்து நிற்பான்.

மறுநாள் மனோகரன் தாமதமாக வந்தான். வலதுகை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. இடதுகையால் புத்தகத்தைப் புரட்டினான். கணக்குப் போட டீச்சர் கூப்பிட்டபோது கை சுளுக்கு என்றான். மத்தியானம் ஸ்கேலை ஜெகதீசனிடம் கொடுத்து, இன்னைக்கு நீ பார்த்துக்கோ என்றான்.

தட்டோடு வரிசையில் நிற்கவில்லை. வயிற்று வலியாம்.

ராஜகுமாரி முட்டை உரிப்பதை நிறுத்தினாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் முட்டை நாளில் யாருக்கும் வயிறு வலித்ததே கிடையாது. காய்ச்சல்காரர்கள்கூட வந்து முட்டையைத் தின்றுவிட்டுத்தான் போய்ப் படுப்பார்கள்.

மனோகரன் குனிந்தபோது பையின் விளிம்பில் அவன் கட்டைவிரல் தெரிந்தது. கறுப்பு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் அப்பாவுக்குச் சொந்தமாகத் தேயிலைத் தோட்டம் உண்டு. இலை ஏற்ற ஒரு ஜீப்பும் உண்டு. அந்த ஜீப்பைக் கொஞ்ச காலமாகப் பாதையில் காணவில்லை. அவர்கள் வேலையாட்களை நிறுத்திவிட்டதாக சபீஹா எப்போதோ சொல்லியிருந்தாள். இப்போது வீட்டு ஆட்களே பறிக்கிறார்கள்.

"எல்லாரும் கையைக் காட்டணும்," என்று ஜெகதீசன் ஸ்கேலால் பெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தான்.

முதல்ல அவன் கையைப் பாரு. இவ்வளவு சொன்னால் போதும். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சர்க்கரை மாதிரி இனித்தது.

மனோகரன் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டை ஏறி இறங்கியது. காலையிலிருந்து அவன் தண்ணீர் குடிக்கவில்லை. அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். அவள் தினமும் குடத்தைப் பார்க்கிற பார்வை அது.

ராஜகுமாரி எழுந்து குடத்தருகே போனாள். ஜெகதீசன் ஸ்கேலைக் குறுக்கே நீட்டினான்.

"கறைக்கை."

"ஆமா, கறைதான். கொழுந்துக் கறை. காலையில நீ டீ குடிச்சல்ல? அதுவும் இந்தக் கையில பறிச்சதுதான். தள்ளு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான். இதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் தள்ளி நின்றான். அவள் மொண்டாள். ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தாள். இன்னொரு டம்ளர் மொண்டுகொண்டு மனோகரனிடம் போனாள்.

நீட்டினால் அவன் கையை வெளியே எடுத்தாக வேண்டும். அவள் நீட்டவில்லை. டம்ளரை உயரத் தூக்கினாள்.

"அண்ணாந்து வாயைத் திற. வயித்துவலிக்கு நல்லது."

அவன் வாயைத் திறந்தான். பாதித் தண்ணீர் கழுத்துக்குள் இறங்கியது. உடம்பு சிலிர்த்தது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

சாயங்காலம் பாதையில் அவனைப் பிடித்தாள். காகிதத்தில் சுற்றிய முட்டையைக் கொடுத்தாள். சமையல்கார அக்காவிடம் அவன் பங்கைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அவன் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் கையை வெளியே எடுத்தான். விரலெல்லாம் கறுத்து, நக ஓரம் கிழிந்திருந்தது.

"நகத்தால கிள்ளாத. ரெண்டு விரலால பிடிச்சு ஒடிச்சு விடு. கறைக்குப் புளி தேய். முழுசாப் போகாது."

மனோகரன் முட்டையை வேகமாக விழுங்கினான். "எல்லார்கிட்டயும் சொல்லிருவியா?"

"சொல்லணும்னுதான் இருந்துச்சு."

"பின்ன ஏன் சொல்லல?"

"உனக்குத் தாகமா இருந்த மாதிரி இருந்துச்சு."

அவன் காகிதத்தை மடித்தான், பிரித்தான். "எங்க ஜீப்பை வித்தாச்சு. அப்பா வீட்டுல யார்கிட்டயும் பேசுறதில்ல. பஜாருக்குப் போனா எல்லாரும் ஜீப் எங்கேன்னு கேக்குறாங்க. அதான்..."

"அதுக்கு நான் என்ன பண்ணேன்?"

அவன் காகிதத்தைக் கசக்கிப் பைக்குள் திணித்தான்.

"இனிமே அந்த ஸ்கேல் வேணாம்," என்றாள் ராஜகுமாரி. "என்கிட்ட மட்டுமில்ல. யார்கிட்டயும்."

அவன் மூடுபனிக்குள் இறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் அவள் பையை எடுத்ததும் அம்மா கேட்டாள். "முட்டை நாள்தான் முடிஞ்சிருச்சே?"

"இன்னைக்கு ஒண்ணு பாக்கணும்மா."

மத்தியானம் ஜெகதீசன் ஸ்கேலோடு தயாராக நின்றான். நேற்று ஏமாந்ததற்கு இன்று விறைப்பாக இருந்தான். மனோகரன் தள்ளி நின்றான், கை பைக்குள்.

"கையைக் காட்டு."

ராஜகுமாரி காட்டினாள். மனோகரன் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குமேல் செய்ய அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அப்போது அவள் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை நீண்டது. புளி தேய்த்துத் தேய்த்துச் சிவந்த கை. வெடிப்புக்குள் மட்டும் கறுப்பு மிஞ்சியிருந்தது.

"இதையும் பாரு," என்றான் மனோகரன்.

ஜெகதீசன் இந்தக் கையைப் பார்த்தான், அந்தக் கையைப் பார்த்தான். "டேய், உன்னை நான் என்னடா சொல்றது?"

"என் கையில இங்க்," என்று சபீஹா தன் கையை நடுவில் நுழைத்தாள். ஒருத்தி மருதாணி என்றாள். ஒருவன் இது என்ன கறை என்று எனக்கே தெரியாது என்றான். பெஞ்சைச் சுற்றி ஒரே கையாக இருந்தது. உள்ளேயிருந்து பியாட்ரிஸ் டீச்சர், என் ஸ்கேலை எவன் எடுத்தது என்று கேட்டார். ஜெகதீசன் ஸ்கேலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உள்ளே நழுவினான்.

பிற்பகல் மணி அடிப்பதற்குள் குடம் காலியாகிவிட்டது. டீச்சர் குடத்தைச் சாய்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"என்ன பிள்ளைங்கப்பா நீங்க, இந்தக் குளிருல இவ்வளவு தண்ணியா? சரி, குழாயடிக்குப் போய் யார் பிடிச்சிட்டு வர்றீங்க?"

இரண்டு கைகள் உயர்ந்தன. இரண்டிலும் கொழுந்துக் கறை.