ஒண்ணுமில்லம்மா

அவள் வாயைத் திறப்பதற்குள் பதில் போய்விட்டது.

"என்னடி கண்ணு, ஒரு மாதிரியா இருக்க?" என்று அறைக்கு வெளியே நின்று அம்மா கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா" என்றது ஒரு குரல். கடைசியில் வரும் அந்தச் சின்னச் சிரிப்பு உட்பட, அச்சு அசலாக அவளுடைய குரல். அவளோ கட்டிலில் உதட்டைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். குரல் வந்தது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"அப்பாடா! அப்ப சாப்பிட வா." இரண்டு பேர் நடந்து போகும் காலடிச் சத்தம் கேட்டது.

பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததிலிருந்தே அவளுக்குத் தூக்கம் கிடையாது, பசி கிடையாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. உயிருக்கு உயிரான தோழியிடம் ஒரே ஒருமுறை போனில் அழுதாள். அந்தப் புண்ணியவதி அதைப் பதிவுசெய்து வகுப்பு முழுக்க அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் 'ஒண்ணுமில்லை'தான்; சொல்லிச் சொல்லி அதில் ஒரு சிரிப்பும் ஒட்டிக்கொண்டது. இன்று அம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று பள்ளியிலிருந்து வரும்போதே முடிவு செய்திருந்தாள். அம்மா கைவிட மாட்டாள்.

கதவைத் திறந்தாள். விளக்குப் போடாத நடையில் காயாத சீருடையின் ஈர வாடை, யாரோ இப்போதுதான் மூச்சு விட்டுப் போனதுபோல ஒரு வெதுவெதுப்பு, தட்டில் கரண்டி உரசும் சத்தம், அதற்கு மேலாக அப்பாவின் குரல்: "பரீட்சைக்கு ரெடியா?"

"ரெடிப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். இந்த வீட்டில் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

சுவரைப் பிடித்தபடி நகர்ந்தாள். சாப்பாட்டு மேசை. அவளுடைய நாற்காலி. அதில், அவளுடைய பின்னல்.

"அம்மா..."

அம்மா திரும்பினாள். திடுக்கிடவில்லை.

"எனக்கு முடியலம்மா."

"தெரியும்டி செல்லம்." அம்மா எழுந்து வந்து கன்னத்தைத் தடவினாள். தடவிக்கொண்டே அவளை நடை வழியாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். "நீ உள்ளயே இரு. இவ நல்லா சாப்பிடறா, நல்லா சிரிக்கிறா. எங்களுக்கு இவளே போதும்."

தெரியும். எல்லாம் தெரிந்தேதான்.

கதவு வெளியே தாழிடப்பட்டது. இடுக்கில் கண்ணை வைத்தாள். அம்மா அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கவளம் கவளமாக. அது விழுங்கவில்லை. சிரிப்பும் நிற்கவில்லை. மார்பெல்லாம் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டு, அம்மா அடுத்த கவளத்தை எடுத்தாள்.