நீல ஜெர்சிக்காரன்

டெலிபோன் அலறியது!

பதுளை நகரம். மாரிசாமியின் ஸ்டூடியோ. காலை பத்து மணி. கம்ப்யூட்டரில் ஒரு மணமகளின் முகத்தை வெள்ளையாக்கிக் கொண்டிருந்தாள் துஷாந்தினி. என்ன செய்தும் மணமகள் இரண்டு நாள் பிணம் போல நீலமாகவே இருந்தாள். மேக்கப்காரியைத் திட்டிக்கொண்டே போனை எடுத்தாள்.

"தங்கச்சி, சார்ஜன்ட் ஹபீஸ் பேசுறேன். ஒங்க அண்ணன் அஜந்தனை ரெண்டு மணிக்கு கோர்ட்டுக்குக் கொண்டு போறோம். நல்ல சட்டை ஒண்டு கொண்டு வாங்க."

"கோர்ட்டா? எதுக்கு சேர்?"

"வடிவேலைக் கொன்னதுக்கு!"

அவள் கையிலிருந்த மவுஸ் தொப்பென்று விழுந்தது.

வடிவேல், ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் கோயில் தலைவர். மூன்று நாளுக்கு முன் திருவிழாவில், கோயிலுக்குப் பின்னால் தேயிலைக்குள் மண்டை பிளந்து கிடந்தார். அவர் உயிரோடு நின்ற கடைசிப் படத்தை எடுத்தவள் துஷாந்தினிதான். பொழுது சாயும் நேரம். அவருக்குப் பின்னால், மரத்தடி இருட்டில், முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ ஒருவன்...

"அவன் போட்டிருந்தது நீலக் கம்பளி ஜெர்சி, தங்கச்சி! தோட்டத்துல நீல ஜெர்சி ஒங்க அண்ணனுக்கு மட்டும்தான்."

"படத்தை எங்க பார்த்தீங்க?"

"நேத்து ஒங்க கடையிலதான். நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க, முதலாளி காட்டினார். ஸ்கிரீனை அப்படியே என்ட போன்ல படம் புடிச்சு எங்க இன்ஸ்பெக்டருக்கு அனுப்பிட்டேன்."

ஸ்கிரீனைப் படம் பிடித்தாராம்! துஷாந்தினி பல்லைக் கடித்தாள்.

"அழாதம்மா," என்றார் முதலாளி மாரிசாமி, குளிரில் கைகளைத் தேய்த்தபடி. "நீ சட்டையக் கொண்டு போய்க் குடு. கடைய நான் பாத்துக்கிறேன்."

அவள் அழவில்லை. படத்தைத் திறந்தாள். நீலம்தான்! பிறகு மானிட்டரின் பட்டன்களைப் பார்த்தாள்...

மறுபடி போனை எடுத்தாள்.

"சேர், உடனே கடைக்கு வாங்க. சட்டை வேணாம், கண்ணு மட்டும் போதும்!"

பத்தே நிமிடம். ஹபீஸ் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"முதலாளி, அந்த சிவப்பு பல்பை அணைங்க."

"அது முருகன் படத்து பல்பும்மா!"

"முருகன் கோவிச்சுக்க மாட்டாரு. அந்த வெளிச்சம் பட்டா எந்த நிறமும் ஒழுங்காத் தெரியாது."

திரைச்சீலையை இழுத்து விட்டாள். ஸ்கிரீன் கண்ணாடியைத் துடைத்தாள். மானிட்டரில் ஒரு பட்டை விரிந்தது. கறுப்பில் தொடங்கி வெள்ளையில் முடியும் கட்டங்கள்.

"மொத்தம் இருபத்தொண்ணு சேர். எத்தனை தெரியுது? எண்ணுங்க."

"பன்னெண்டு... பதிமூணு... பதினாலு."

"மிச்சம் ஏழு?"

"எல்லாம் ஒரே கறுப்பு."

"நடுவுல இருக்கிறது சுத்தமான சாம்பல். என்ன நிறமாத் தெரியுது?"

"நீலம் மாதிரி... யா அல்லாஹ்!"

"மாசத்துல முதல் திங்கக்கிழமை இதைச் சரி பண்ணி, பட்டன் மேல டேப் ஒட்டி, தேதி எழுதி வைப்பேன். டேப்பை யாரோ கிழிச்சிருக்காங்க!"

"டீ சொல்லட்டுமா?" என்றார் மாரிசாமி.

நீலத்தைக் குறைத்தாள். பச்சையை ஏற்றினாள். சாம்பல், சாம்பலானது. வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள்.

"பதினெட்டு... இருபது... இருபத்தொண்ணு!" ஹபீஸ் சின்னப் பிள்ளை போலக் கத்தினார்.

இப்போது படத்தைத் திறந்தாள்.

ஜெர்சி... கரும்பச்சை!

முழங்கையில் ஒரு கறுப்புத் துணி ஒட்டு!

துஷாந்தினி மெல்லத் திரும்பி முதலாளியைப் பார்த்தாள். போன மாதம் அவர் ஜெர்சியில் அந்த ஒட்டைத் தைத்தவளே அவள்தான்!

"அதெப்படி?" மாரிசாமி துள்ளி எழுந்தார். "நேத்தே படத்தை நான் நீலமாக்கிட்டேனே!"

...

சுவரில் பல்லி சத்தமிட்டது. மாரிசாமி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். காலம் கடந்துவிட்டது!

"நீங்க மாத்தினது படத்தை இல்ல முதலாளி," என்றாள் துஷாந்தினி. "மானிட்டரை! படம் உள்ளுக்குள்ள அப்படியேதான் இருக்கு."

முப்பது வருடம் ஃபிலிம் கழுவிய மனிதர். கண்ணில் படுவதுதான் படம் என்றே பழகியவர். படத்தை அழிக்கத் தெரியவில்லை, பட்டனைத் திருகத் தெரிந்தது!

"திருவிழா அன்னைக்கு ஹாலிஎலைக்குப் போனதாத்தானே சொன்னீங்க? வடிவேல் என்ன பாவம் பண்ணினான்?" ஹபீஸ் விலங்கை எடுத்தார்.

"அலங்காரப் படம் எடுக்கையில அம்மன் மூக்குத்திக் கல்லை எடுத்துட்டு, போலிக் கல்லை மாத்தி வச்சேன் சேர். பாவி, போன வருசப் படத்தையும் இந்த வருசப் படத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டான். அம்மனுக்கு மினுக்கம் இல்லையேன்னு என்கிட்டயே வந்து கேட்டான்!"

ஒன்றரை மணிக்கு அஜந்தன் வெளியே வந்தான். தங்கையைப் பார்த்து முதலில் கேட்டது, "சோறு கொண்டாந்தியா?"

ஸ்டேஷன் கேமரா பழுது. குற்றவாளியைப் படம் எடுக்கத் துஷாந்தினியையே கூப்பிட்டார் ஹபீஸ். சுவரோரம் நின்ற மாரிசாமி, பழக்க தோஷத்தில் தலையை வாரிக்கொண்டார்.

"துஷா... முகத்தை மட்டும் கொஞ்சம் வெள்ளையாக்கி விடும்மா."

க்ளிக்!

"எதுக்கு முதலாளி? ரிமாண்டுல வெயிலே படாதாம். தானா வெளுத்துருவீங்க!"